அப்பாவின் தோட்டமும் லிமிடேஷன் பேப்பரும்

சட்டக் கல்லூரியில் முதல் வருஷம் நான் எழுதிய பேப்பர்களில் பாதிக்கு மேல் அரியர். பிளஸ் டூவுக்குப் படித்த மாதிரியே பிரிவுகளை வரிக்கு வரி மனப்பாடம் செய்து, அடிஷனல் ஷீட் வாங்கி வாங்கி எழுதுவேன். மார்க் மட்டும் வராது. உடுமலைப்பேட்டைப் பக்கம் எங்கள் ஊரிலோ, பொண்ணு வக்கீலுக்குப் படிக்குது என்று அப்பா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

என் வகுப்புத் தோழி கோட்டைமேட்டுக்காரி. ஒவ்வொரு பிரிவையும் நமக்குத் தெரிந்த ஒருத்தர் தலையில் வைத்துப் பார், அப்புறம் மறக்காது என்றாள். அவளுடைய அத்தாவின் (அப்பாவை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்) துணிக்கடை வாடகைத் தகராறை வைத்தே குத்தகைச் சட்டம் முழுவதையும் படித்து முடித்தவள் அவள். சிக்கல் என்ன, சட்டம் என்ன சொல்கிறது, இந்த ஆளுக்கு அது எப்படிப் பொருந்தும் என்று வாய்விட்டுச் சொல்ல வைப்பாள். காந்திபுரம் போகிற டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே ஒருவரையொருவர் கேள்வி கேட்போம். என் அரியர்கள் ஒவ்வொன்றாகக் கழிந்தன.

அடுத்து லிமிடேஷன் வந்தது. வழக்குப் போடுவதற்கான காலக்கெடுவைச் சொல்லும் சட்டம். அதற்கு நான் எங்கள் தோட்டத்தை எடுத்துக்கொண்டேன். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே பக்கத்துத் தோட்டத்துக்காரர் எங்கள் நிலத்தில் ஒரு துண்டைச் சேர்த்து வேலி போட்டுத் தென்னை வைத்துவிட்டார். அப்பா சண்டைக்குப் போகிறவர் இல்லை. நோம்பிக்கு நோம்பி, ஒரு பண்டிகை தவறாமல், அவர் வீட்டுக்குப் போய், வேலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்குங்க என்று கேட்டுவிட்டு, காபி குடித்துவிட்டு வருவார். நான் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் தைரியம் வந்து கேஸ் போட்டார்.

"வேலி போட்டு எத்தனை வருஷம் கழிச்சுக் கேஸ் போட்டாங்க?" என்று தோழி கேட்டாள்.

பதினைந்து வருஷம் இருக்கும் என்றேன். சொன்ன பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. அடுத்தவர் நிலத்தைப் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ஒருவர் வெளிப்படையாக அனுபவித்துவிட்டால், உடையவரின் உரிமையே போய்விடும். எங்கள் இருவருக்கும் அது மனப்பாடம். பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒப்புக்கொண்டு எழுதிக்கொடுத்தது ஏதாவது இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டாள். இல்லை.

பரீட்சையில் கிட்டத்தட்ட அதே கேள்வி வந்தது. நிலத்துக்காரர் தோற்பார் என்று முடிவெழுதி, காரணங்களைத் தெளிவாகச் சொன்னேன். வகுப்பிலேயே அதிக மார்க் எனக்குத்தான்.

லீவில் ஊருக்குப் போனதும், நம் கேஸ் நிற்காது என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். தேங்காய் உரித்துக்கொண்டிருந்த கை நின்றது.

"வருஷா வருஷம் போயிக் கேட்டனே கண்ணு. அது கணக்குல வராதா?"

"வராதுங்கப்பா."

"அவருந்தான் சரிங்க, பாத்துக்கலாமுங்கன்னாரு."

அதற்குச் சாட்சி யார் என்று நான் கேட்கவில்லை.

அதன் பிறகும் ஒவ்வொரு வாய்தாவுக்கும் தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் கடைசி வருஷம் படிக்கையில் தீர்ப்பு வந்தது. கேஸ் தள்ளுபடி. இங்கிலீஷில் இருந்த தீர்ப்பைத் தமிழில் சொல்லச் சொன்னார். ஒவ்வொரு பத்தியாக வாசித்துச் சொன்னேன். முடித்ததும், மாட்டுக்குத் தண்ணி காட்டோணும் என்று எழுந்து போனார். அப்பீல் பற்றி நாங்கள் இருவரும் இதுவரை பேசவில்லை.