திருநீற்றுப் பொட்டலத்தில் ஓர் எடை

பூஜை அலமாரியின் இழுப்பறையில் மாமா மடித்து வைத்த திருநீற்றுப் பொட்டலங்கள் இன்னும் இருக்கின்றன. மாமா என்றால் என் மாமனார். காலையில் குளித்து வந்ததும் தினசரி காலண்டரில் முந்தின நாள் தாளைக் கிழித்து, அதில் திருநீறு வைத்து மடிப்பார். வீட்டுக்கு யார் வந்தாலும் போகும்போது கையில் ஒன்று கொடுப்பார்.

அவருக்கு இதயம் பலவீனப்பட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. மூன்று தலையணையில் சாய்ந்துதான் தூங்குவார். இதயத்தின் இரண்டு பக்கமும் சேர்ந்து துடிக்காமல் முன்னே பின்னே துடிக்கின்றன என்றார் டாக்டர். தோளுக்குக் கீழே ஒரு சின்ன மிஷினை வைத்து, அதிலிருந்து மூன்று ஒயர்களை இதயம் வரை கொண்டுபோனார்கள். இரண்டே மாதத்தில் ஒரு தலையணை போதும் என்றார் மாமா. முத்தாபுதுப்பேட்டைக் கடைத்தெருவுக்குத் தானே நடந்துபோய்க் கீரை வாங்கி வந்த அன்று நான் அழுதுவிட்டேன்.

டாக்டர் என்னிடம்தான் சொன்னார். "மிஷின் துடிப்பைத்தாம்மா சேர்த்து வைக்கும். உப்பைக் குறைக்கறது உங்க பொறுப்பு. தினமும் எடையை எழுதி வைங்க. சட்டுனு ரெண்டு கிலோ ஏறினா தண்ணி கோக்குதுன்னு அர்த்தம், உடனே கூட்டிட்டு வாங்க." நன்றாகத் தலையாட்டினேன்.

மாமா ஒரு நாள்கூடத் தவறாமல் எழுதினார், காலண்டர் தாளில். மறுநாள் அந்தத் தாள் திருநீற்றோடு இழுப்பறைக்குப் போய்விடும். அம்பத்தூருக்குக் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடும் அவசரத்தில் அவர் எழுதுவதைப் பார்ப்பேன். எழுதுகிறாரே, அது போதாதா என்று இருந்துவிட்டேன். நேற்றைய எடை என்ன என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

அந்த ஆடி மாதம், "வாய்க்கு ஒண்ணும் புடிக்கலம்மா, ஒரு நாளு கருவாட்டுக் கொழம்பு வெய்யேன்" என்றார். நன்றாக இருக்கிறாரே என்று வைத்தேன். ஒரு நாள் ஒரு வாரமானது. அவர் கன்னம் மினுமினுவென்று இருந்தது. "சதை போட்டுட்டீங்க மாமா" என்றேன். "எல்லாம் உன் கைப்பக்குவம்தாம்மா" என்று சிரித்தார். கன்னத்தைப் பார்த்த நான் வீங்கியிருந்த காலைப் பார்க்கவில்லை. மறுநாளே மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். திரும்பி வரவில்லை.

மிஷின் கடைசிவரை ஒழுங்காகத்தான் வேலை செய்தது என்று டாக்டர் சொன்னபோது நான் மட்டும்தான் நின்றிருந்தேன். என் கணவர் வெளியே, உடலை வீட்டுக்குக் கொண்டுபோக ஆம்புலன்ஸுக்குப் போன் செய்துகொண்டிருந்தார். இன்றும் வீட்டுக்கு வருகிறவர்களிடம், "நல்லாதான் இருந்தாரு, அந்த மிஷினுதான் கைய உட்டுடுச்சி" என்கிறார். நான் காபி கலக்கப் போய்விடுவேன்.

காரியம் முடிந்த பிறகு ஒரு நாள் பொட்டலங்களைப் பிரித்து, தேதி பார்த்துத் தரையில் வரிசையாக வைத்தேன். ஐம்பத்தெட்டு, ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது, அறுபது, அறுபத்தொன்று. காலண்டரிலேயே கிழிபடாமல் நின்றுபோன கடைசித் தாளையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அறுபத்திரண்டரை. அதன் கீழே கோணல் எழுத்தில், "மருமக சமையல்" என்று எழுதியிருந்தார்.

பொட்டலங்களைப் பழைய மடிப்பிலேயே மடித்து, அந்தக் கடைசித் தாளையும் அவற்றோடு வைத்தேன். இன்று காலையில் கணவர் கேட்டார்: "அப்பா மடிச்ச துன்னூறு இன்னும் கீதா, தீந்துடுச்சா?"

"கீது" என்றேன். பொட்டலத்தை நானே பிரித்து, திருநீற்றை மட்டும் அவர் உள்ளங்கையில் கொட்டினேன். தாளைக் கொடுக்கவில்லை.