கதவின் மேல் சிவப்புப் புள்ளிகள்

சுகிர்தத்தின் தம்பி ஜூட்டுக்கு மனச்சிதைவு நோய். ஒருமுறை மழையோடு மழையாகத் தோட்டத்து லயத்து வீட்டை விட்டு வெளியேறியவன், மறுநாள் மஸ்கெலியாவில்தான் கிடைத்தான். அதிலிருந்து தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு வந்தால் சுகிர்தம் வாசலுக்கு நேரேதான் உட்காருவாள், சாப்பாடும் அங்கேதான்.

இந்த மாதம் ஜூட்டுக்கு மருந்தெடுக்கப் போனபோது, கிளினிக்கில் புதிதாக ஒரு பெண் டொக்டர் இருந்தார். படம் பார்க்கையில் கண் எங்கெங்கே போகிறது என்று கெமராவில் பிடிக்கும் ஆய்வு அவருடையது. இந்த நோயுள்ளவர்களின் பார்வை மற்றவர்களைப் போல் படமெங்கும் அலையாதாம். ஆனால் நோயில்லாதவர்களும் ஒரே படத்தை ஊருக்கு ஊர் வேறு மாதிரி பார்ப்பார்களாம். அதனால் ஒப்பிட்டுப் பார்க்க, இதே தோட்டத்தில் நோயில்லாத ஆட்களின் கண்ணும் வேண்டியிருந்தது.

"என் கண்ணையும் புடிங்க மிஸ்," என்று சுகிர்தம் முந்திக்கொண்டாள். தம்பி அப்படி எதைத்தான் பார்க்கிறான் என்று தெரிந்துகொள்ள அவளுக்கு நெடுநாள் ஆசை.

அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரே படத்தைக் காட்டினார்கள். அதில் ஒரு குடும்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. ஓரத்தில் கதவு திறந்திருந்தது. முடிந்ததும் டொக்டர் திரையைக் காட்டினார். கண் நின்ற இடமெல்லாம் சிவப்புப் புள்ளி. சுகிர்தத்தின் புள்ளிகளில் பாதி கதவின் மேல் இருந்தன.

"ஆளுங்கள விட்டுட்டு ஏன் கதவையே பாத்தீங்க?"

"தம்பி ஓடிருவான்ல மிஸ்."

ஜூட்டின் புள்ளிகள் கொஞ்சம்தான். எல்லாம் சோற்றுச் சட்டியிலேயே நின்றிருந்தன. சுகிர்தம் திரையருகே குனிந்து தேடினாள்.

"கதவுப் பக்கம் ஒரு தடவகூட போகலியா?"

"இல்லங்க."

அவள் தம்பியைத் திரும்பிப் பார்த்தாள்.

"அடப்பாவி! அப்ப இத்தன வருஷமா அந்த வாசல நான் மட்டுமா பாத்துக்கிட்டிருந்தேன்?"