முஷ்டி மடக்காமல் தாளம் போடுங்கள்

பாட்டுத் தெரிந்தவனெல்லாம் மழலைகளுக்குத் தாளம் சொல்லித்தந்துவிட முடியாது. என்னைப்போல மழலை வகுப்பில் மாட்டிக்கொண்ட உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. சங்கத்துக்காக நான் கோஷம் போட்டுவந்த பஞ்சாலை மூடியதும், துண்டுப் பிரசுரம் படித்தே எழுத்து வாசனை கண்ட என்னை எல்லாரும் ஒதுக்கினார்கள், கூட உண்ணாவிரதம் இருந்தவர்கள் உட்பட. சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு நர்சரிப் பள்ளியில்தான் குழந்தைப் பாட்டு வகுப்பு கொடுத்தார்கள். ஆண்டு விழா வரைக்கும் பார்க்கலாம், பிறகுதான் நிரந்தரம் என்று பேச்சு.

முதல் வகுப்பு

"பூசணிக்காய் உருளுது" என்று நான் சொல்ல, "பூனைக்குட்டி மிரளுது" என்று பிள்ளைகள் சொல்ல வேண்டும். முன்னால் நின்று குரல் கொடுத்தேன். எனக்குப் பழகிய தாளம் கோஷத் தாளம் ஒன்றுதான். அடி விழுகிற இடத்தில் என் வலது கை தானாக மேலே போனது. யு.கே.ஜி. முழுவதும் முஷ்டியை உயர்த்தியது. எட்டிப் பார்த்த தலைமையாசிரியை கேட்டார்: "ஏனுங்க மாஸ்டர், பூசணிக்காய்க்குப் போனஸ் வாங்கித் தரப் போறீங்களா?"

வீட்டில் கிளர்ச்சி

அடுத்த வாரம் ஒரு தாய் பள்ளிக்கு வந்தார். "ஏனுங்க, எம்புள்ள இட்லி வேண்டாம்னு கையத் தூக்கிக் கத்துறாளுங்க. சின்னவன் பின்னாலயே 'வேண்டாம், வேண்டாம்'ங்கறான். அவங்கப்பா சிரிச்சுப்போட்டு, ரெண்டு பேருக்கும் தோசை ஊத்தச் சொல்லிட்டாருங்க."

எனக்குப் பெருமையாக இருந்தது. தாளாளருக்கு இல்லை. அவர் முன்பு ஒரு மில்லில் மேனேஜராக இருந்தவர். அழைத்துச் சொன்னார்: "விழாவுல ஒரு கை மேல போச்சுன்னாலும், நீங்க வேற எடம் பாத்துக்கோங்க."

ஆண்டு விழா

அன்று முதல் முழங்காலில் தட்டித்தான் தாளம். பிள்ளைகளும் பழகிவிட்டார்கள். விழா மேடையில் அவர்கள் ஏறியதும் கரண்ட் போனது. மைக் செத்தது. கூட்டத்தைப் பார்த்து மிரண்டு ஒரு சிறுமி அழ, வரிசையே விசும்பியது. வேலையை நினைத்தால் சும்மா நின்றிருக்க வேண்டும். அழுகிற பிள்ளைகளை விட்டு எப்படி நிற்பது? மேடைக்குக் கீழே வந்து, மைக் இல்லாமல் மில் வாசல் கூட்டத்தில் கோஷம் போடுவதுபோல, "பூசணிக்காய் உருளுது" என்றேன். என் கை மேலேதான் இருந்தது. அழுத பிள்ளைகள் அத்தனை பேரும் முஷ்டியை உயர்த்திப் பதில் கொடுத்தார்கள். பெற்றோர்கள் கைதட்டினார்கள்.

தாளாளர் எழுந்து என்னிடம் வந்தார். "மில்லு கேட்டுல இப்படிக் கத்துனாங்கன்னா எனக்கு அன்னைக்குச் சோறு எறங்காதுங்க. இன்னைக்கு அதே சத்தந்தான் புள்ளைங்க அழுகைய நிறுத்துச்சு. திங்கக்கிழமை வந்துருங்க மாஸ்டர், நெரந்தரம்தான்."

நான் முழுசாக ஜெயித்த ஒரே போராட்டத்தை நடத்திக் கொடுத்தவர்கள், நன்றி சொல்லப் போவதற்குள் அம்மாக்களின் தோளில் தூங்கிப்போயிருந்தார்கள்.