ஒற்றுமைக்கு ஒரு தேக்சா பிரியாணி

எத்தியோப்பியாவில் புதிதாகத் தொடங்கிய ஷூ கம்பெனியில் வேலை பழக்க, ஆம்பூரிலிருந்து என்னையும் கட்டிங் தெரிந்த என் தோஸ்த்தையும் அனுப்பினார்கள். மூன்று மாதத்தில் தையல் லைன் ஓடாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஐரோப்பாவிலிருந்து வந்த ஆலோசகர் முதல் நாளே படம் போட்டு விளக்கினார். பிரிந்து கிடக்கும் ஆப்பிரிக்கக் கண்டத்தை ஒரே சந்தையாக்க வேண்டுமாம். அதற்கு முதலில் இந்த லைனில் இருக்கும் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் ஒன்றாக வேண்டுமாம். நான் பார்த்தவரை அவர்கள் பக்கத்துப் பக்கத்து மெஷினில் சிரித்துப் பேசிக்கொண்டுதான் தைத்தார்கள். ஆனாலும் கோட்டு போட்டவர் சொன்னால் தலையாட்டிவிடுவது என் பழக்கம்.

"இன்னாபா யோசிக்கிற? ஒரு தேக்சா பிரியாணி போட்டா எல்லாரும் ஒண்ணாய்டுவாங்க" என்றான் தோஸ்த்.

ஆம்பூர்க்காரனுக்கு வேறென்ன தோன்றும்? பாய் அறுத்த ஆட்டை ஊரே ருசித்துத் தின்னும் ஊர் எங்களுடையது. தோஸ்த்தும் பாய்தான்; சனிக்கிழமை அவனே ஆட்டை அறுத்து, கிடைத்த அரிசியில் தம் போட்டான்.

தேக்சாவைத் திறந்ததும் சாப்பாட்டுக் கூடம் இரண்டானது. அங்கே முஸ்லிம் அறுத்த கறியைக் கிறிஸ்தவர்கள் தொடமாட்டார்கள், அவர்கள் அறுத்ததை இவர்களும் தொடமாட்டார்கள். பாதிப் பேர் தின்றார்கள், மீதிப் பேர் காலித் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு வெட்கமாகிவிட்டது.

திங்கட்கிழமை, தைக்கும் பெண்களில் மூத்தவர் தோசை போன்ற அகலமான அப்பத்தில் பருப்பைப் பரப்பி, பெரிய தட்டோடு நடுவில் வைத்தார். இரு தரப்பும் அதே தட்டில் கை வைத்தார்கள். கறி இல்லாவிட்டால் எப்போதும் அப்படித்தானாம். எனக்கும் ஒரு கவளம் ஊட்டிவிட்டார்.

"உங்கள் ஊரிலும் எல்லாரும் ஒன்றாகத்தான் சாப்பிடுவீர்களா?" என்று தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டார்.

பிரியாணிப் பெருமையோடு தலையாட்டினேன்.

"பச்சைத் தோலில் முடி எடுப்பவர்களும்? இங்கே அவர்களோடு யாரும் உட்கார்ந்து சாப்பிட மாட்டார்கள்."

தோஸ்த் என்னைப் பார்த்தான். தோல் பதனிடும் எங்கள் கம்பெனி டேனரியில், முடி எடுக்கும் சுண்ணாம்புத் தொட்டி வேலை செய்பவர்கள் எங்கே சாப்பிடுகிறார்கள் என்று இருபது வருஷத்தில் நான் யோசித்ததே இல்லை.

லைன் சொன்ன தேதிக்கு ஓடியது. ஒற்றுமையை உண்டாக்கியதற்காக ஆலோசகர் எனக்குக் கை கொடுத்தார்.

ஊர் திரும்பிய மறுநாள் மதியம் டிபன் பாக்ஸோடு டேனரிக்குப் போனேன். தொட்டிகளுக்குப் பின்னால், சுவரோரம் குந்திச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் சோற்றுக் கையோடு எழுந்து நின்றார்கள்.

"உட்காருங்க, நானும் சாப்பிடத்தான் வந்தேன்" என்றேன்.

யாரும் உட்காரவில்லை.