செகண்ட் ஷிப்டுக்குத் தெரியாத பட்டன்

பொற்கொடிக்குக் கனவிலும் கம்ப்யூட்டர் திரைதான். மூலையைப் பிடித்து இழுத்தால் பெட்டிகள் விலகும், எழுத்துகள் நகரும், ஏதாவது ஒரு பட்டன் மட்டும் அடம்பிடித்து நின்ற இடத்திலேயே நிற்கும். வடலூரிலிருந்து பஸ்ஸில் நெய்வேலிக்கு வந்து, சுரங்கத்துத் தண்ணீரை இறைக்கும் ஒரு சின்ன கான்ட்ராக்ட் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். ஒவ்வொரு ஷிப்டிலும் பம்பு ரீடிங்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் திரை அவள் செய்ததுதான்.

அந்தப் புதுத் திரை வந்ததிலிருந்து செகண்ட் ஷிப்ட் சூப்பர்வைசர் வெள்ளைச்சாமியின் ரீடிங் மட்டும் பதிவாகவே இல்லை. மனுஷன் எழுதாமல் ஏய்க்கிறார் என்று மேனேஜர் வெங்கடேஷ் முடிவு கட்டிவிட்டார். திங்கட்கிழமை முதல் வேறு ஆளாம். பொற்கொடிக்கு மனசு கேட்கவில்லை. தன் கம்ப்யூட்டரில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. இருந்தாலும் மதியம் பம்பு ரூமுக்கே போய்விட்டாள்.

வெள்ளைச்சாமியின் லாகினைத் திறந்தால், எழுத்தெல்லாம் பூசணிக்காய் அளவு! பெட்டிகள் ஒன்றையொன்று நெருக்கித் தள்ள, கடைசியிலிருந்த ‘சேமி’ பட்டன் திரைக்கு வெளியே போய்விட்டிருந்தது.

“பட்டனையே எடுத்துட்டீகன்னு நெனச்சேன் தாயி. என்டர் தட்டிட்டு மூடிருவேன்,” என்றவர் குரலைத் தாழ்த்தினார். “கிட்டத்து எழுத்து மங்குது. அதான் பெருசாக்கி வச்சிருக்கேன். வெளிய சொல்லிராதீக. வேலைக்கு ஆக மாட்டான்னு அனுப்பிருவாக.”

அவளுக்குச் சுருக்கென்றது. ஆபீசின் அகல மானிட்டரில், தன் இளங்கண்ணுக்குத் தோதாக, ஒவ்வொன்றையும் ஆணியடித்தாற்போல் வைத்தவள் அவளல்லவா?

அங்கேயே உட்கார்ந்தாள். எழுத்து எவ்வளவு பெருத்தாலும் நகராதபடி ‘சேமி’யைத் திரையின் கீழோரத்தோடு கட்டினாள். பெட்டிகளை இருபுற ஓரங்களோடும் கட்டினாள், திரை விரிந்தால் கூடவே விரியும்படி. இடம் போதாவிட்டால் நடுப்பகுதி மட்டும் மேலும் கீழும் உருளட்டும் என்று விட்டாள். பிறகு மூலையைப் பிடித்து இழுத்தாள், சுருக்கினாள், மறுபடி இழுத்தாள். பம்பு ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே மரங்களும் மண்மேடும் மேகமும்கூட யாருக்கோ இடம் விட்டு மெல்ல ஒதுங்குவதுபோல் தோன்றியது. அப்படியொரு சுகம் அவளுக்கு. டீ ஆறிப்போனதும் தெரியவில்லை.

சாயங்காலம் வெங்கடேஷ் முன்னால் நின்று, வெள்ளைச்சாமிக்கு ‘சேமி’ பட்டனே தெரியவில்லை என்று சொன்னபோதுதான் அந்த மயக்கம் கலைந்தது. அடுத்த மாதம் அவளுடைய கான்ட்ராக்டைப் புதுப்பிக்க வேண்டியவரும் அவரேதான்.

“மத்தவங்களுக்குத் தெரியுற பட்டன் இவருக்கு மட்டும் எப்படிம்மா தெரியாமப் போச்சு? கண்ணு கிண்ணு சரியில்லையா?”

கதவருகே நின்ற வெள்ளைச்சாமி தலையைத் தாழ்த்திக்கொண்டார்.

“எழுத்து எந்த அளவுல இருந்தாலும் பட்டன் தெரியணுங்க. நான் என் மானிட்டர மட்டும் பாத்துகினு செஞ்சிட்டேன். அவரு தெனமும் எழுதிகினுதான் இருந்தாரு. அதத் தொலச்சது நான் செஞ்ச ஸ்க்ரீன்.”

வெங்கடேஷ் நாற்காலியில் சாய்ந்தார். “அப்போ உன் கான்ட்ராக்டப் பத்தி நான் யோசிக்கணும்.”

“யோசிங்க சார்,” என்றாள். “ஆனா அவரு வேலைய ஏய்க்கிற ஆளு இல்லன்னு மொதல்ல எல்லாருகிட்டயும் சொல்லிடுங்க.”