கோடு போட்ட ஒன்பது போல்ட்டுகள்

அச்சன்புதூர்ப் பக்கம் வயல்களுக்கு நடுவே நிற்கும் காற்றாடிகளில் ஏறி இறங்குவதுதான் என் பிழைப்பு. ஆனால் இறக்கைகளைப் பிடித்து நிறுத்தும் பெரிய போல்ட்டுகளில் மட்டும் எங்களைக் கை வைக்க விட்டதில்லை. அதற்கு வருஷாவருஷம் வெளியூர் ஆட்கள் வருவார்கள். நாங்கள் கீழே நின்று கயிறு பிடிப்போம். எனக்கு வயிறு எரியும்.

ஒரு வைகாசியில் டென்மார்க்கிலிருந்து ஓர் இன்ஜினியர் வந்தார். ஒரு வாரம் எங்களோடு வேலை பார்த்துவிட்டு, இதை எங்களிடமே ஒப்படைக்கலாமா என்று அவர் ரிப்போர்ட் எழுத வேண்டும்.

முதல் நாளே சண்டை. போல்ட்டை அளவு பார்த்து இறுக்கியதும் அதன்மேல் பெயிண்டால் ஒரு கோடு போடுவோம். கோடு இருந்தால் வேலை முடிந்தது என்று அர்த்தம். நான் கோடு போட்ட ஒவ்வொன்றிலும் அந்த மனுஷன் மறுபடி ரெஞ்சை மாட்டினார். நம்பிக்கை இல்லையென்றால் என்னை எதற்கு மேலே ஏற்றினாய் என்று என் ஓட்டை இங்கிலீஷில் கத்தினேன். அவருக்குக் கோபம் வரவில்லை. ரெஞ்சை என் கையில் கொடுத்து, நான் இறுக்கியதை நீ ஏன் இன்னும் சோதிக்கவில்லை என்று கேட்டார். அவர் இறுக்கியவற்றைச் சோதித்தேன். ஒன்று லூசாக இருந்தது. நன்றி சொல்லிவிட்டு, தன் பெயரைப் போட்டே அதை நோட்டில் எழுதினார். நம்மூரில் மேலதிகாரியின் தப்பைக் கண்டுபிடித்தவன் அடுத்த மாதம் வேறு ஊரில் இருப்பான்.

அதற்குப்பின் அவர் என் போல்ட்டுகளில் ஒன்றிரண்டை மட்டும் தொட்டுப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்.

சனிக்கிழமை மத்தியானம் செங்கோட்டைக் கணவாய்ப் பக்கமிருந்து காற்று சட்டென்று எழுந்தது. எல்லோரையும் இறங்கச் சொன்னார்கள். நான் கடைசி அளவு பார்க்க வேண்டியது இன்னும் ஒன்பது இருந்தது. இதற்காக இன்னொரு தடவை ஏற வேண்டுமா என்று சோம்பல். ஒன்பதுக்கும் கோடு இழுத்துவிட்டு இறங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை அவரை ஐந்தருவிக்குக் கூட்டிப் போனோம். சாரல் முன்கூட்டியே எட்டிப் பார்த்திருந்தது. உடம்பெல்லாம் எண்ணெய் வழிய நின்றவர், எங்கள் குழுவில் மூத்தவரான அண்ணாச்சியிடம் என்னைக் காட்டி, இவன் போட்ட கோட்டை நான் பார்க்கவே வேண்டியதில்லை என்றார். செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. அண்ணாச்சியைத் தனியே இழுத்து விஷயத்தைச் சொன்னேன்.

"ஏலே, அவரு நாளைக்கு ரிப்போர்ட் எழுதப் போறாரு. ஒங்கிட்ட கேட்டாரா? நீயா எதுக்குல போயி சொல்லுத?"

"அந்தக் காத்தாடிக்குக் கீழதான அண்ணாச்சி நம்ம பொம்பளையாளுக களை எடுக்குதாவ?"

அருவிச் சத்தத்தில் மூன்று தடவை கத்தித்தான் இன்ஜினியருக்குப் புரியவைத்தேன். சிரித்த முகம் இறுகிவிட்டது. துண்டை எடுத்துத் தலையைத் துவட்டினார். எந்தக் காற்றாடி என்று மட்டும் கேட்டார்.

திங்கட்கிழமை விடிந்ததும், காற்று எழுமுன், ஓடாமல் நிறுத்திவைத்திருந்த அந்தக் காற்றாடியில் இருவரும் ஏறினோம். ஒன்பதில் நான்கு அளவுக்கு வரவில்லை. இறுக்கினேன். அவர் சோதித்தார். பிறகு அந்த வாரம் நான் கோடு போட்ட அத்தனையையும் ஒன்றுவிடாமல் சோதித்தார். ஒவ்வொன்றுக்கும் ரெஞ்சை நானே எடுத்துக் கொடுத்தேன். மற்றதெல்லாம் சரியாக இருந்தது. நான்கையும் என் பெயர் போட்டு நோட்டில் எழுதிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். எல்லோர் வேலையையும் கெடுத்துவிட்டேன் என்று அண்ணாச்சி ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

ரிப்போர்ட் வந்தது. நான்கு போல்ட்டும் அதில் இருந்தன. அதற்குக் கீழேயே, இந்தக் குழு தன் தப்பைத் தானே சொல்லும், வேலையை இவர்களிடம் கொடுக்கலாம் என்று எழுதியிருந்தார்.

அதன்பிறகு வெளியூர் ஆள் வந்ததில்லை. இதைப் பெருமைக்காகத்தான் எழுதுகிறேன், வேறெதற்கு? அவர் இப்போதும் போன் செய்வார். இந்த வாரம் என்ன தப்பு செய்தாய் என்றுதான் ஆரம்பிப்பார். நானும் அதையே திருப்பிக் கேட்பேன். இருவரும் ஒளிக்காமல் சொல்வோம்.

நான் இறுக்கியதை இப்போது அண்ணாச்சி சோதிக்கிறார், அவருடையதை நான். போன வாரம் என்னுடையதில் ஒன்று லூசாக இருந்தது. கீழே நிற்பவர்களுக்கெல்லாம் கேட்கும்படி வாக்கிடாக்கியில் சொன்னார் மனுஷன். நோட்டை வாங்கி, என் பெயரை நானே எழுதினேன்.