விடுபட்ட மூன்று எழுத்து

குமுஷாய்க்கு நிரல் எழுத யாரும் சொல்லித் தரவில்லை. கிர்கிஸ்தானின் தலைநகர் பிஷ்கெக்கில், சந்தையில் காலுறை விற்றுக்கொண்டே, கைப்பேசியில் ரஷ்யக் காணொளிகளைப் பார்த்துத் தானாகக் கற்றுக்கொண்டாள். பாலிகிளினிக் எனும் வட்டார மருத்துவமனைகளுக்குப் பதிவேட்டு நிரல் செய்யும் நிறுவனத்தில் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. தினமும் அலுவலகப் படி ஏறும்போது அதே பயம்தான். இன்றைக்கு மாட்டிக்கொள்வோம், சந்தைக்காரிக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டுத் துரத்திவிடுவார்கள்.

அவள் எழுதுவதைச் சரிபார்ப்பவன் எர்மெக். பட்டதாரி, வயதில் சின்னவன், அவளை ‘எஜே’ என்று அக்கா முறை வைத்துத்தான் கூப்பிடுவான். ஒரு கேள்வியும் கேட்காமல் ‘சரி’ போட்டுவிடுவான். எல்லாம் தெரிந்தும் இரக்கப்பட்டு விடுகிறான் என்று அவளாகவே முடிவு கட்டியிருந்தாள். அந்த மௌனம் அவளைப் பேயாய்ப் பிடித்து ஆட்டியது.

செவ்வாய்க்கிழமை ஒரு பாலிகிளினிக்கிலிருந்து புகார் வந்தது. உர்குயா என்ற கிர்கிஸ் மொழி ஆசிரியையின் குடும்பப் பெயரைக் கணினி ஏற்கவில்லை. ரஷ்ய எழுத்தில் போட்டுக்கொள்கிறோம் என்றதற்கு, “அது நான் இல்ல, வேற எவளோ” என்று பதிவு மேசை முன்னால் உட்கார்ந்துவிட்டாராம்.

பெயரைச் சோதிக்கும் வரியை ஏதோ ரஷ்யத் தளத்திலிருந்து குமுஷாய் அப்படியே எடுத்துப் போட்டிருந்தாள். ரஷ்ய எழுத்துகளோடு கிர்கிஸ் கூடுதலாகச் சேர்த்துக்கொண்ட மூன்று எழுத்து அதில் இல்லை. இங்கே பெயரை ரஷ்ய எழுத்தில் எழுதுவது பழகிப்போன சங்கதி என்பதால் ஆறு வருடம் யாரும் வாய் திறக்கவில்லை. அவள் பெயரிலேயே அந்த மூன்றில் ஓர் எழுத்து இரண்டு முறை வருகிறது. அவளும் ரஷ்ய எழுத்தில்தான் தட்டுவாள்.

இனி ஒளிப்பதில் அர்த்தமில்லை என்று எர்மெக்கிடம் போனாள்.

“அந்த வரி சுட்டது, எர்மெக். எனக்கே புரியல. நீ தெரிஞ்சும் காட்டிக்கொடுக்கல.”

“எனக்கும் புரியல எஜே.”

“கிண்டலா பண்ற?”

“நெசமாத்தான். நீங்க எழுதினா காரணம் இருக்கும்னு விட்டுட்டேன். கேட்டா, இதுகூடத் தெரியாமயா பட்டம் வாங்கினேன்னு சிரிப்பீங்களே.”

குமுஷாய்க்குச் சிரிப்பு வந்தது. ஆறு வருடப் பாரம் இறங்கியது போலிருந்தது. அடுத்த நொடி வேறொன்று நினைவுக்கு வந்தது.

“குழந்தைங்களுக்கு மருந்து அளவு கணக்குப் போடுமே, அந்தப் பக்கம். போன வருஷம் நான் எழுதினது. அதையாவது படிச்சுப் பாத்தியா?”

எர்மெக் தலை நிமிரவில்லை.

“சரின்னு போட்டேன் எஜே. நீங்கதானே எழுதியிருந்தீங்க.”